இடது வளைவில் மட்டும் முரண்டு பிடித்த எம்ஜிபி

வலது பக்கம் வளைத்தால், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான என் எம்ஜிபி கோடு பிசகாமல் போகும். இடது பக்கம் வளைத்தால் அதே வண்டியா இது என்று தோன்றும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வலது முன் மூலை சட்டென்று அமுங்கும். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால், நான் கேட்டதைவிட அதிகமாக உள்ளே திரும்பும். காலை எடுத்தால் வெளியே ஓடப் பார்க்கும். இத்தனைக்கும் பெரிய வேகம் எதுவும் இல்லை. பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. பழையது என்பதற்காக ஒரு வண்டி இடதுக்கு ஒரு மாதிரி, வலதுக்கு ஒரு மாதிரி நடந்துகொள்ளாது. அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும்.

இந்த மாதிரிப் புகாருக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், குலுங்கலை அடக்கும் ஷாக் அப்சார்பரை மாற்று, இணைப்புகளில் உள்ள எல்லா ரப்பர் புஷ்ஷையும் பாலியூரித்தேன் ஆக்கு, வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரைத் தடிமனாகப் போடு என்பதுதான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கெட்டிருந்தது என்பது கடைசிவரை தெரியாது. அதைவிட முக்கியமான விஷயம், ஒரு பக்கம் மட்டும் கெட்ட வண்டியில் நோயைக் கண்டுபிடிப்பது உண்மையில் சுலபம். இரண்டு பக்கமும் கெட்டிருந்தால், அரை நூற்றாண்டுக்கு முன் அச்சான மேனுவலின் எண்கள்தான் கதி. ஒரு பக்கம் நன்றாக இருந்தால், அந்தப் பக்கமே அளவுகோல். எதை அளந்தாலும் எதிர்ப்பக்கத்தையும் அளந்து, நோட்டில் இடம், வலம் என்று இரண்டு பத்தியில் எழுதிக்கொண்டே போனால், எந்த வரியில் இரண்டும் ஒத்துப்போகவில்லையோ அங்கே வேலை இருக்கிறது.

வண்டியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரானது. முன்பக்கம் காயில் ஸ்பிரிங், கீழே சக்கரத்தைத் தாங்கும் கையான விஷ்போன், நடுவில் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின். மேல் கை என்று தனியாக ஒன்றும் கிடையாது. லீவர் வகை ஷாக் அப்சார்பரின் கைதான் மேல் விஷ்போனாகவும் வேலை செய்கிறது. பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே துண்டான ஆக்சில், பட்டைகளை அடுக்கிச் செய்த இரண்டு லீஃப் ஸ்பிரிங். இதில் கவனிக்க வேண்டியது, அந்த லீஃப் ஸ்பிரிங்குகள் எடையைத் தாங்குவதோடு நிற்பதில்லை. ஆக்சில் முன்னும் பின்னும் நகராமல், பக்கவாட்டில் ஓடாமல் பிடித்துவைப்பதும் அவைதான். வேறு கம்பியோ கையோ கிடையாது. ஸ்பிரிங் பிடி தளர்ந்தால் பின் ஆக்சிலே ஒரு ஸ்டியரிங் ஆகிவிடும். இதே அமைப்பு அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் உண்டு என்பதால், கீழே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

இன்னொரு விஷயம், உங்கள் வண்டி எந்த ஆண்டுடையது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 1974 இறுதியில் ரப்பர் பம்பர் வந்தபோது வண்டியின் உயரத்தை ஒன்றரை அங்குலம் கூட்டினார்கள். 1975, 1976 மாடல்கள் பலவற்றில் முன் ஆன்டி-ரோல் பாரையே எடுத்துவிட்டார்கள். 1977 மாடலில்தான் அது திரும்பி வந்தது, பின்பக்கத்துக்கும் ஒன்று சேர்ந்துகொண்டது. ஒரு ஆண்டின் எண்ணை இன்னொரு ஆண்டு வண்டியில் தேடினால் இல்லாத கோளாறைத் துரத்திக்கொண்டிருப்போம்.

ஸ்பேனரை எடுக்கும் முன் செய்ய வேண்டியது, கோளாறு வளைவின் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பிரித்துப் பார்ப்பது. ஷாக் அப்சார்பர் வேலை செய்வது சஸ்பென்ஷன் அசையும்போது மட்டும்தான். வண்டி சாய்ந்து முடித்து, ஒரே சாய்வில் வளைவைச் சுற்றும்போது அதற்கு வேலை இல்லை. அங்கே தாங்குவது ஸ்பிரிங்கும் ஆன்டி-ரோல் பாரும் டயரும்தான். ஆகவே திருப்பும் கணத்தில் மட்டும் வித்தியாசம் தெரிந்து, பிறகு சரியாகிவிட்டால் சந்தேகம் ஷாக் அப்சார்பர் மேல். வளைவு முழுக்க வித்தியாசம் நீடித்தால் ஸ்பிரிங், டயர், அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்). ஆக்சிலரேட்டரை மிதிப்பது, விடுவதோடு சேர்ந்து வந்தால் பின் ஆக்சில். என் வண்டியில் முதலாவதும் மூன்றாவதும் இருந்தன. ஒரே கோளாறாக இருக்க வாய்ப்பில்லை என்று அப்போதே பட்டது.

ஆள் நடமாட்டமில்லாத, சமதளமான, பெரிய காலி இடம் கிடைத்தால் ஒரு சோதனை செய்யலாம். ஸ்டியரிங் வளையத்தின் உச்சியில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். தரையில் ஒரு வட்டத்தை அடையாளம் வைத்து, ஒரே மிதமான வேகத்தில் முதலில் வலமாகவும் பிறகு இடமாகவும் சுற்றுங்கள். அதே வட்டத்துக்கு டேப் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பாருங்கள். இரண்டு திசைக்கும் ஒரே அளவு என்றால், நிலையான சாய்வில் கோளாறு இல்லை. பிறகு சுற்றிக்கொண்டிருக்கும்போதே மெதுவாக ஆக்சிலரேட்டரை விட்டுப் பாருங்கள். பொதுவாக அப்போது மூக்கு கொஞ்சம் உள்ளே வரும். என்னுடையது வலச் சுற்றில் அப்படித்தான் செய்தது. இடச் சுற்றில் மூக்கு வெளியே போனது. நேர்ச்சாலையிலும் இதன் சாயல் இருந்தது. மிதித்தால் லேசாக இடதுக்கு இழுக்கும், விட்டால் வலதுக்கு. இழுக்கும் திசை மிதிப்பதற்கும் விடுவதற்கும் மாறினால், முன் சக்கர அலைன்மென்ட்டை நோண்டுவதில் பயனில்லை. முன்பக்கக் கோளாறு பெரும்பாலும் ஒரே திசையில்தான் இழுக்கும். சாலையின் சரிவும் வண்டியை இழுக்கும் என்பதால், அதே சாலையில் எதிர்த்திசையிலும் ஓட்டிப் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

டயர் விஷயம் சுருக்கம். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அதிகம் ஓடாத வண்டிகளில் பட்டன் ஆழமாகவே இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழசு என்றால் மேற்கொண்டு எதையும் தேட வேண்டாம். சந்தேகம் இருந்தால் முன் சக்கரங்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோளாறும் சேர்ந்து பக்கம் மாறினால் டயர்தான். சுழலும் திசை குறிக்கப்பட்ட டயரில் மட்டும் இதைச் செய்ய முடியாது. எந்தச் சக்கரத்திலாவது பிரேக் உரசுகிறதா என்று தூக்கிச் சுற்றிப் பார்ப்பதும் இந்த நேரத்திலேயே முடித்துவிட வேண்டிய வேலை.

அடுத்தது உயரம். இங்கேதான் பலர் வழி தவறிப் போகிறார்கள். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளந்தால் அந்த அளவு பொய் சொல்லும். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு சஸ்பென்ஷனை முழுதாக அமர விடாது. வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலையிலும் அமுக்கிவிட்ட பிறகே அளக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஏற்ற மூட்டை ஒன்றும் இருக்கட்டும். பாடியின் ஓரத்திலிருந்து அளப்பதை நான் நம்புவதில்லை. இத்தனை ஆண்டுகளில் எந்த மட்கார்டு எப்போது வெட்டி ஒட்டப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? சஸ்பென்ஷன் பொருத்தும் இடங்களிலிருந்து தரைக்கு அளப்பதே சரி.

என் வண்டியில் வலது முன்பக்கம் இடதைவிட 12 மி.மீ. தாழ்ந்திருந்தது. வலது முன் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் நான்கு கால் உள்ள எதிலும் ஒரு மூலை தாழ்வதற்குக் காரணம், குறுக்கே எதிர் மூலை உயர்ந்ததாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. முன் ஆன்டி-ரோல் பாரின் இணைப்பை ஒரு பக்கம் கழற்றிவிட்டு, பின் ஆக்சிலை, நடுவில் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியலுக்குக் கீழே ஒரே ஜாக்கியால் சக்கரங்கள் தரையை விடும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். இப்போது பின்பக்கம் ஒற்றைப் புள்ளியில் நிற்கிறது. இடமோ வலமோ சாய்க்கும் சக்தி அதற்கு இல்லை. வண்டியின் சாய்வு முழுக்க முன் ஸ்பிரிங்குகளின் கையில். அந்த நிலையில் முன்பக்கத்தை அளந்தால், வித்தியாசம் அப்படியே இருந்தால் முன் ஸ்பிரிங் குற்றவாளி, மறைந்துவிட்டால் பின்பக்கம். என்னுடையதில் 12 மி.மீ. கிட்டத்தட்ட மறைந்தே போனது. நிரபராதியான முன் ஸ்பிரிங் தப்பித்தது.

எச்சரிக்கை ஒன்று. எம்ஜிபியின் ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கம் தூக்கியபின் அது வண்டியை நிறுத்தி வைக்காது. முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது. அளவு எடுக்கப் பக்கத்தில் நின்றால் போதும்.

முன்பக்கம் திருப்பும் கணத்தில் சட்டென்று அமுங்குவதற்கு விடை தேட, சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். ஆட்டம் தெரிந்தால், உடன் இருப்பவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் அல்லது அதன் மேல் முனை. எம்ஜிபி முன் பேரிங்கில் 0.002 முதல் 0.004 அங்குலம் வரை இடைவெளி இருக்கத்தான் வேண்டும், அதை ஷிம் எனும் மெல்லிய தகட்டு வளையம் வைத்துச் சரிசெய்வார்கள். ஆகவே மிக லேசான அசைவு இருந்தால் பதற வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கிங்பினில் ஆட்டம் மட்டுமல்ல, இறுக்கமும் கோளாறுதான். ஸ்டியரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் டை ராட் முனைகளைக் கழற்றிவிட்டு, சக்கரம் மாட்டும் ஹப் இரண்டையும் தனித்தனியாகக் கையால் திருப்பிப் பாருங்கள். ஒன்று லேசாகவும் மற்றது கனமாகவும் திரும்பினால், கனமான பக்கத்துக்கு கிரீஸ் போய்ச் சேரவில்லை. சக்கரம் தரையில் இருக்கும்போது கிரீஸ் அடித்தால் எடை தாங்கும் பரப்புக்குள் அது நுழையாது. தூக்கி வைத்துத்தான் அடிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் மூன்று, மூன்றிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளிவரும்வரை.

என்னுடைய கிங்பின்கள் நன்றாகவே இருந்தன. லீவர் ஷாக் அப்சார்பரில்தான் விஷயம் இருந்தது. வண்டியை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் சோதனையில் இது சரியாகத் தெரியாது. முழுதாகக் கெட்டதைத்தான் அது காட்டும். கீழ் ஸ்பிரிங் தட்டுக்கு உறுதியான முட்டுக் கொடுத்து, மேல் முனையைக் கழற்றி, ஷாக் அப்சார்பர் கையைத் தனியாக மேலும் கீழும் அசைக்க வேண்டும். அந்த முட்டுதான் ஸ்பிரிங்கின் முழு விசையையும் தாங்கி நிற்கிறது என்பதால் அது அசையாமல் இருப்பது உயிர்ப் பிரச்சினை. ஹப் தொங்கி பிரேக் ஹோஸை இழுக்காதபடி கட்டி வைத்துவிடுங்கள். இடது கை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக எதிர்த்தது. வலது கை முதல் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் சும்மா நகர்ந்து, அதன் பிறகுதான் பிடித்தது. உள்ளே ஆயில் குறைந்து காற்று புகுந்தால் இப்படி ஆகும். திருப்பும் கணத்தில் அந்த மூலை ஏன் விழுந்தது என்பதற்கு இதுவே விடை. மேல் மூடியைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டு, ஷாக் அப்சார்பர் ஆயில் ஊற்றி, கையை அசைத்து அசைத்துக் காற்றை வெளியேற்றியதும் சீரானது. என்ஜின் ஆயில் அதற்கு ஆகாது. ஷாக் அப்சார்பரை முன்பக்கக் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரில் பிடிக்கும் நான்கு போல்ட்டுகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மேல் விஷ்போனே அந்தக் கைதான் என்பதால், அவை தளர்ந்தால் சக்கரத்தின் கோணமே மாறும்.

கோணம் என்றதும் வீல் அலைன்மென்ட் பற்றி ஒரு வார்த்தை. எம்ஜிபியில் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் அளவு, மட்டும்தான் சரிசெய்யக்கூடியது, 1/16 முதல் 3/32 அங்குலம் உள்நோக்கி. கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் கோணம்), காஸ்டர் (கிங்பின் முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்) இரண்டுக்கும் திருகு எதுவும் இல்லை. ஆகவே மெஷின் தரும் தாளில் இரண்டு பக்கக் கேம்பரும் வெகுவாக வேறுபட்டால், ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை எதையாவது செய்து சிவப்பிலிருந்து பச்சைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடாதீர்கள்.

இனி பின்பக்கம். எனக்குத் துப்புக் கொடுத்தது ஒரு சாதாரண டேப் அளவு. முன் ஹப்பின் மையத்திலிருந்து பின் ஹப்பின் மையம்வரை, ஸ்டியரிங் நேராக இருக்கும்போது இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். மேனுவல்படி வீல்பேஸ் 91 அங்குலம், அதாவது சுமார் 2311 மி.மீ. பழைய வண்டியில் இரண்டு பக்கத்துக்கும் சில மி.மீ. வித்தியாசம் இருப்பது சகஜம். என் வண்டியில் வலப்பக்கம் எப்போது அளந்தாலும் ஒரே எண். இடப்பக்கம் அளக்கும்போதெல்லாம் வேறு எண். நம் கை சரியில்லை என்று நினைத்து சராசரி போட்டுவிடத் தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. நிலைக்காத அளவும் ஓர் அளவுதான். அங்கே ஏதோ நகர்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது.

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, நண்பர் ஒருவரை வண்டியை முன்னும் பின்னும் அசைக்கச் சொன்னேன். நான் பக்கத்தில் குனிந்து, டார்ச் அடித்து, ஆக்சிலும் ஸ்பிரிங்கும் சேரும் இடத்தைப் பார்த்தேன். கண்ணுக்குச் சந்தேகமாகத்தான் பட்டது. எனவே அழுக்கைச் சுரண்டி, ஆக்சிலின் தாங்கியிலிருந்து ஸ்பிரிங்கின் மேல் பட்டைவரை வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒரு நேர்க்கோடு போட்டேன், இரண்டு பக்கமும். ஓட்டிவிட்டு வந்து பார்த்தபோது வலப்பக்கக் கோடு போட்டபடி இருந்தது. இடப்பக்கக் கோடு இரண்டாக முறிந்து, கீழ்த்துண்டு பின்னால் தள்ளி நின்றது. கழற்றியபோது, தாங்கியின் ஓரத்தில் பிறை வடிவில் இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. அதைச் சுற்றி மாவு போன்ற மெல்லிய செந்நிறத் தூள். இரும்போடு இரும்பு நுணுக்கமாக உரசிக்கொண்டே இருந்தால் வரும் தூள் அது. பழைய துரு இப்படிப் புதிதாக, காய்ந்த பொடியாக இருக்காது. ஸ்பிரிங்குக்கு மேலும் கீழும் இருக்க வேண்டிய ரப்பர் மெத்தைகள் நைந்து பாதி காணாமல் போயிருந்தன. மெத்தை போன இடத்தை யு-போல்ட் இறுக்கத்தால் நிரப்ப முடியவில்லை. ஸ்பிரிங்கின் நடு போல்ட் தலை உட்காரும் துளை நீள்வட்டமாகிவிட்டது.

அப்படியானால் ஏன் இடது வளைவில் மட்டும்? எம்ஜிபியில் லீஃப் ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே இருக்கிறது, யு-போல்ட்டுகள்தான் அதை ஆக்சிலோடு தூக்கிப் பிடிக்கின்றன. எடை ஏறினால் யு-போல்ட் விறைப்பாகும். எடை இறங்கினால் தளரும். வலது வளைவில் இடப்பக்கம் வெளிப்பக்கமாகி எடை ஏறுகிறது, தளர்ந்த பிடியும் ஒருவாறு பிடித்துக்கொள்கிறது. இடது வளைவில் இடப்பக்கம் உள்பக்கம், எடை இறங்குகிறது, பிடி விடுகிறது. அப்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் இடது சக்கரம் ஆக்சிலின் அந்த முனையை முன்னே தள்ளும். பின் சக்கரங்கள் இரண்டும் சற்றே வலதுபுறம் பார்க்கும், வண்டியின் வால் வலதுக்குப் போகும், மூக்கு இடதுக்கு இன்னும் உள்ளே வரும். காலை எடுத்தால் எல்லாம் தலைகீழ். வட்டத்தில் பார்த்த விநோதம் முழுக்க இதற்குள் அடங்கிவிட்டது.

உயரக் கணக்குக்கும் அங்கேயே விடை கிடைத்தது. எனக்கு முன் யாரோ இடது ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். புதிது நிமிர்ந்து நிற்க, பழைய வலது ஸ்பிரிங் தளர்ந்து கிடக்க, அதன் பலன் குறுக்கே வலது முன் மூலையில் தெரிந்தது. ஸ்பிரிங்கின் முன் கண்ணில், அதாவது முன் முனையின் வளையத்தில், உள்ள புஷ் போல்ட்டையும் ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முறுக்கியிருக்க வேண்டும். ரப்பர் ஒரு பக்கமாகத் திருகிப் பிளந்திருந்தது. உலோகத்தோடு ஒட்டிய ரப்பர் புஷ் சுழலாது, முறுகி மட்டுமே கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் அது முறுகிய நிலையிலேயே வாழ்க்கை நடத்தும். பாடியைத் தூக்கிப் பிடிக்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டை விரலளவு இறுக்கத்தில் விட்டு, சக்கரங்கள் தரையில் இறங்கி, வண்டி தன் எடையில் அமர்ந்து, ஆள் எடையும் வைத்த பிறகே முழு இறுக்கம் கொடுக்க வேண்டும். முன் விஷ்போன் புஷ்ஷுக்கும் இதே விதி. நான் பார்த்த பழைய வண்டிகளில் அதிகம் மீறப்படும் விதியும் இதுதான்.

ஸ்பிரிங்கை ஜோடியாகவே மாற்றினேன். நான்கு மெத்தைகளும் புதிது, யு-போல்ட்டும் லாக் நட்டும் புதிது, துளை தேய்ந்த தட்டும் புதிது. ஸ்பிரிங் கழன்றிருக்கும்போதே முன் பொருத்துமிடத்தைச் சுற்றிய தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் இல்லை, பாடியே சேஸிஸ். அந்தத் தகடு துருவால் மெத்தென்று இருந்தால் எவ்வளவு நல்ல ஸ்பிரிங் போட்டும் ஆக்சில் நகரத்தான் செய்யும். முன் விஷ்போனுக்கு எம்ஜிபி ஜிடி வி8-இல் வந்த ஒட்டு ரப்பர் புஷ் நல்ல தேர்வு. லீஃப் ஸ்பிரிங்கின் முன் கண்ணில் பாலியூரித்தேன் போடுவதை மட்டும் நான் விரும்பவில்லை. வண்டி சாயும்போது ஸ்பிரிங் கொஞ்சம் முறுக வேண்டும், அதற்கு அந்தக் கண் இடம் கொடுத்தாக வேண்டும்.

ஆன்டி-ரோல் பாரைத் திரும்ப மாட்டும்போதும் வண்டி தரையில் அமர்ந்திருக்க வேண்டும். இணைப்பு போல்ட்டைத் தள்ளியோ நெம்பியோ நுழைக்க வேண்டியிருந்தால் பார் முன்கூட்டியே முறுகி நிற்கிறது என்று பொருள். அது மறுபடியும் குறுக்கு மூலையில் எடையை ஏற்றும். கடைசியாகத்தான் டோ பார்த்தேன். உயரம் மாறினால் டோவும் மாறும் என்பதால் அதை முதலில் செய்வது வீண் வேலை.

அதே வட்டத்தில் மறுபடி இரண்டு பக்கமும் சுற்றினேன். இடச் சுற்றிலும் ஆக்சிலரேட்டரை விட்டால் இப்போது மூக்கு மெதுவாக உள்ளே வருகிறது, வலப்பக்கம் போலவே. வீல்பேஸ் இடப்பக்கமும் எப்போது அளந்தாலும் ஒரே எண். புதிய ரப்பர் மெத்தை அமுங்கும் என்பதால் சில நூறு கிலோமீட்டர் கழித்து யு-போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். பெயின்ட் கோடுகளை அழிக்காமல் விட்டிருக்கிறேன். வலது முன் ஷாக் அப்சார்பரின் ஆயில் எங்கே போனது என்பது இன்னும் பாக்கி. தண்டின் சீல் வழியே கசிந்திருக்க வேண்டும். அடுத்த கிரீஸ் வேலையின்போது மூடியைத் திறந்து பார்ப்பேன். அளவு இறங்கியிருந்தால் சீல் மாற்றிப் புதுப்பிக்க அனுப்பிவிடுவேன், இடதையும் சேர்த்தே.